வேம் (VAM) என்ற வேர்ப் பூஞ்சை உரம் போட்டால் மிளகாய்ச் செடி மண்ணிலுள்ள கதிரியக்கத்தையும் உறிஞ்சிவிடுமா?

உறிஞ்சாது என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. அப்படி உறிஞ்சிக் காய்க்கே ஏற்றிவிடும் என்று வந்த வாட்ஸ்அப் செய்தியை நீங்களும் எங்களைப் போலப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். சாயல்குடிப் பக்கம் மானாவாரியில் குண்டு மிளகாய் போடுகிறவன் நான். அந்தச் செய்தியால் போன மாசியில் என் வத்தல் 6 மூட்டை கமிஷன் கடையிலிருந்து திரும்பி வந்தது. "பூஞ்சை உரம் போட்டதாமேண்ணே, மண்ணுல இருக்க யுரேனியத்தை எல்லாம் காய்க்கு ஏத்திருமாம்ல" என்றார் கடைக்காரர். 15 வருடப் பழக்கம்.

என் மகள் நுண்ணுயிரியல் படிக்கிறாள். ஒரு செடியை வேரோடு கொண்டுபோய், வேரைக் காரக் கரைசலில் வேகவைத்து நீலச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னாள். மயிரிழை வேருக்குள் நீலநீலமாய்ப் பூஞ்சையின் சின்னப் பைகள், வெளியே ஓடும் அதன் நூல்கள். வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவருவது அந்த நூல்தான். வத்தலை ஈரத்தோடு கட்டினால் பிடிக்கும் பூசணம் வேறு; இரண்டையும் குழப்பித்தான் பாதிப் பயம்.

யுரேனியம் எந்த மண்ணிலும் கொஞ்சம் இருக்கும், சராசரியாகக் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம். பூஞ்சை நூல் அதையும் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் பிடித்ததில் பெரும்பகுதியைத் தன்னிடமும் வேரிலும் கட்டிவைத்துக்கொள்கிறது. சோதனைகளில் வேரில் கூடியது, தண்டு இலைக்குப் போனது குறைந்தது. தோரியம் என்ற இன்னொரு கதிரியக்க உலோகம் உள்ள மோனசைட் மணல் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம். அந்தத் தாது லேசில் கரையாது, வேருக்குக் கிடைப்பது அற்பம்.

சீசியம் என்ற கதிரியக்கப் பொருள்தான் சிக்கல். 1986இல் செர்னோபில் அணு உலை விபத்தில் வெளியான சீசியம்-137 பாதியாகவே 30 வருடம் ஆகும். சாம்பல் சத்து (பொட்டாஷ்) போகும் வழியிலேயே அதுவும் வேருக்குள் நுழையும். இதில் பூஞ்சை சில சோதனைகளில் கூட்டியது, சிலவற்றில் குறைத்தது. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு, நெல்லில் சீசியம் ஏறாமலிருக்க வயலுக்குப் பொட்டாஷைத்தான் போட்டார்கள்.

விவசாயிக்கு எதற்கு இந்தப் பேச்சு என்பவர்களுக்கு: நான் வேம் விற்பவன் இல்லை, எல்லா மண்ணுக்கும் சேர்த்துச் சொல்லவும் இல்லை. என் நிலத்துக்கு வரும் புரட்டாசியிலும் வேம் உண்டு.

அந்த 6 மூட்டையை வேறு கடையில் போட்டேன். மூட்டைக்கு 2 கிலோ சாக்குக் கழிவு என்றார்கள். வெறும் சாக்கைத் தராசில் வைத்துக் காட்டினேன், 1 கிலோகூட வரவில்லை. அப்படியும் கழித்துதான் பணம் தந்தார்கள்.