பிடிக்கவில்லையா, பொருந்தவில்லையா?

மனிதவளப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன். பொருந்தாத வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்டதில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஆறு வருடம் புரோகிராமர். நன்றாகச் செய்கிறேன் என்று டீம் லீடர் ஆக்கினார்கள். இப்போது நாள் முழுக்க மீட்டிங், லீவு பஞ்சாயத்து. எனக்குத் திறமை போதவில்லையோ?

திறமை இருந்ததால்தான் மாட்டிக்கொண்டீர்கள்! 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் 131 அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளைப் பார்த்தார்கள். அதிகம் விற்றவர்களுக்கே மேலாளர் பதவி போவது வழக்கமாக இருந்தது. ஆனால் அப்படிப் போனவர்களின் கீழ் வேலை பார்த்தவர்களுக்கு விற்பனை குறைந்தது. விற்பது ஒரு வேலை, விற்க வைப்பது வேறு வேலை. உங்களுக்கும் அதே கதைதான். ஆனாலும் ஆட்களை நடத்துவது பழகிவரக்கூடியது. ஆரம்ப மாதங்களின் தடுமாற்றத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆள் நிர்வாகம் இல்லாமலே மேலே போகும் தொழில்நுட்பப் பதவிகள் உங்கள் நிறுவனத்தில் இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: பிடிக்காத வேலை, பொருந்தாத வேலை, இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாக்கி வசூலில் போட்டார்கள். ஒவ்வொரு போனுக்கு முன்னாலும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். பதினோரு மணிக்குள் பாட்டில் காலியாகிவிடும், பட்டியலில் மூன்று பெயருக்குத்தான் டிக் விழுந்திருக்கும். மொத்த வேலையும் எனக்கு ஆகாது என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு சீனியர், "ரெண்டு வாரம் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்துல ஒரு குறி போடு, முடிச்சதும் தெம்பா இருந்தா கூட்டல், சோர்ந்து போனா கழித்தல்" என்றார். போட்டேன். கணக்கைச் சரிபார்ப்பது, கடிதம் எழுதுவது எல்லாமே கூட்டல். போன் மட்டும் கழித்தல். ஆக, ஆகாதது வேலை இல்லை, அதில் ஒரு துண்டுதான். அந்தத் துண்டைப் பேச்சில் கெட்டிக்காரரான இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு அவருடைய கடிதங்களை நான் எடுத்துக்கொண்டேன். இருவருக்கும் நிம்மதி.

நீங்களும் போட்டுப் பாருங்கள். கழித்தல் ஒரே ஆளோடு செய்யும் வேலையில் மட்டும் விழுந்தால், சிக்கல் வேலையில் இல்லை, அந்த ஆளிடம். பக்கம் முழுக்கக் கழித்தலாக இருந்தால் வேறு வேலை தேடத் தொடங்கலாம்.

கேள்வி: டெவலப்மென்ட் என்று சொல்லி எடுத்துவிட்டு டெஸ்டிங்கில் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு நாள் பொறுப்பது?

முதலில் ஆஃபர் லெட்டரைப் படியுங்கள். எந்தப் பிரிவுக்கும் மாற்றலாம் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். எப்போது மாற்றுவீர்கள் என்று மெயிலில் கேளுங்கள். வாயால் சொன்ன தேதிக்கு மதிப்பில்லை.

கேள்வி: மேலாளரிடம் எப்படிச் சொல்வது? சோம்பேறி என்று நினைத்துவிடுவாரோ?

"இது எனக்கு செட் ஆகவில்லை" என்று மட்டும் சொன்னால் அப்படித்தான் நினைப்பார். குறையோடு ஒரு மாற்றையும் கொண்டு போங்கள்: "வாடிக்கையாளர் அழைப்புகளில் பின்தங்குகிறேன். அறிக்கைகளை நேரத்துக்கு முன்பே முடிக்கிறேன். ஒரு மாதம் அழைப்புகளைக் குறைத்து, அறிக்கைகளைக் கூடுதலாகத் தந்து பார்க்கலாமா?" ஒரு மாதம் என்றால் யாரும் சட்டென்று மறுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் போய்க் கேட்காதீர்கள்.

கேள்வி: பழைய பதவிக்கே திரும்பினால் மானம் போகாதா?

நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் அவரவர் வேலை. சம்பளம் குறையுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதை முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுவலகம் இல்லை, எங்கள் குடியிருப்போர் சங்கம். நாணயமானவன் என்று பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். எனக்குக் கூட்டல் கணக்கே தகராறு.

கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதட்டும், நீங்கள் ரசீதோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த பொதுக்குழுவில் வேறொருவர் பெயரை நீங்களே முதலில் முன்மொழிந்துவிடுங்கள்.