கண் விழித்த பிறகு: ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை) ஓவர்டோஸ் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: நாலாக்சோன் ஸ்ப்ரே அடித்ததும் தம்பி எழுந்துவிட்டான். ஆம்புலன்ஸே வேண்டாம் என்று கத்துகிறான். விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள், ஆம்புலன்ஸ் வரட்டும். ஓபியாய்டின் வேலையைத் தடுத்து மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மருந்துதான் நாலாக்சோன்; அது 30 முதல் 90 நிமிடம்தான் தாங்கும். அவர் எடுத்தது, அதுவும் நீண்ட நேரம் வேலை செய்யும் மெத்தடோன் மாதிரி ஓபியாய்டு என்றால், அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும்; மூச்சு மறுபடி மந்தமாகலாம். கத்துகிறார் என்றால், ஓபியாய்டின் பிடி சட்டென்று விட்டுப்போய் வாந்தி, நடுக்கம், எரிச்சல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியிருக்கும். அதைத் தணிக்க இன்னொரு டோஸ் போட்டுக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. கூடவே இருங்கள். தூங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கரகரவென்று குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்று எண்ணிவிடாதீர்கள், எழுப்பிப் பாருங்கள்.

கேள்வி: அக்கா நேற்று வீடு திரும்பினாள். என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

பதில்: “ரொம்பப் பயந்துட்டேன்க்கா. ஏதாவது குடிக்கிறியா?” போதும். “ஏன் இப்படிச் செய்தாய்?” இப்போது வேண்டாம்; அதைக் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் ஓரிரு நாளில் நேராகவே கேளுங்கள்: சாக நினைத்தாயா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கேள்வி: பத்து நாளாக மகன் தொடவே இல்லை. கண்டம் தாண்டிவிட்டதா?

பதில்: இல்லைங்க. நிறுத்திய சில நாளிலேயே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவை ஒரே ஒரு தடவை எடுத்தாலும் உயிர் போகலாம். அதனால்தான் வெறுமனே ‘டீடாக்ஸ்’ (போதையை உடம்பிலிருந்து இறக்குவது) மட்டும் செய்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. சிகிச்சையாக மருத்துவர் அளவோடு தரும் ஓபியாய்டு மருந்துகளான மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் பற்றி அவரிடம் கேளுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஓவர்டோஸிலிருந்து பிழைத்த 17,568 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வில், மெத்தடோன் எடுத்தவர்களிடம் ஓபியாய்டால் நேரும் இறப்பு 59 சதவீதமும் பியூப்ரினார்ஃபின் எடுத்தவர்களிடம் 38 சதவீதமும் குறைவாக இருந்தது. வீட்டில் நாலாக்சோன் இருக்கட்டும். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவருக்கும் தெரியட்டும்.

கேள்வி: ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பது போல இல்லையா?

பதில்: இல்லை. அளவாக, தினமும் ஒரே சீராக எடுக்கும் மருந்து அது. ஏக்கத்தை அடக்கும், வேலைக்குப் போக விடும்.

கேள்வி: அப்பா பிழைத்துவிட்டார், ஆனால் சொன்னதையே திரும்பக் கேட்கிறார்.

பதில்: மூச்சு நின்ற நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். கண்டிக்காதீர்கள், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை மருந்து நேரத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.