போனை அவளிடம் கொடுங்கள்

கேள்வி: ஒன்பது வருடமாக ப்ராகில் இருக்கிறோம், கணவருக்கு கம்ப்யூட்டர் வேலை. ஒரே மகள், வயது 19, ஆபரா பாட்டு கற்கிறாள். பெண் குரலில் ஆக மேலே நிற்கும் சோப்ரானோவாக வருவாள் என்று நினைத்திருந்தோம். இப்போது ஆசிரியை, ‘இவள் கான்ட்ரால்ட்டோ’ என்கிறார். பெண் குரலில் ஆகக் கீழே நிற்கும் கட்டைக்குரலாம். கதாநாயகி வேடம் கிடைக்காது, கிழவி, சூனியக்காரி, அம்மா, இவைதானாம். வேறு ஆசிரியரிடம் சேர்த்தால் குரலை மேலே கொண்டுவர முடியுமா? இதில் பிழைப்பு நடக்குமா? போன தீபாவளிக்கு ஊரிலிருந்து மாமியார் கூப்பிட்டபோது இவள் எடுத்தாள், ‘யாரு தம்பி பேசறது?’ என்று கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து போன் வந்தால் நானே எடுத்துவிடுகிறேன். அது கிடக்கட்டும், அவள் எதிர்காலத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள். — ஒரு தாய், ப்ராக்

பதில்: ‘அது கிடக்கட்டும்’ என்று தாண்டிப் போகிறீர்கள். நான் தாண்டுவதாக இல்லை. ஆசிரியை, வேடம், பிழைப்பு எல்லாம் அப்புறம். முதலில் அந்தப் போனுக்கு வாருங்கள்.

தீபாவளி முடிந்து எத்தனை மாதம் ஆகிறது? அத்தனை மாதமாக ஒரு பாட்டி பேத்தியின் குரலைக் கேட்கவில்லை. பெண் ஹாலில்தான் உட்கார்ந்திருப்பாள், போன் அடிக்கும், நீங்கள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுப்பீர்கள், ‘அவ படிச்சிட்டு இருக்கா அத்தை’ என்பீர்கள். அவளுக்கும் காது இருக்கிறது அம்மா. பாட்டுப் படிக்கிற பெண்ணின் காது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூர்மையாகவே இருக்கும்.

உங்கள் ஊரிலேயே, வல்டாவா ஆற்றங்கரையில் இருக்கும் தேசிய அரங்கில், 1901இல் முதல் முறை மேடையேறிய ஆபரா, செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் ‘ருசால்கா’. ஒன்பது வருடத்தில் ஒரு முறையாவது போய்ப் பார்த்தீர்களா தெரியவில்லை. நீரில் வாழும் பெண் ஒருத்தி இளவரசன் மேல் ஆசைப்பட்டு, தன்னை மனுஷியாக்கச் சொல்லி யெஷிபாபா என்ற சூனியக்காரியிடம் போகிறாள். ஆக்குகிறேன், ஆனால் மனிதர்கள் நடுவில் உனக்குப் பேச்சு வராது, சம்மதமா என்று கேட்கிறாள் அவள். பெண் சரி என்ற பிறகுதான் மருந்து காய்ச்சுகிறாள். நீங்கள் பயப்படுகிற அந்தச் சூனியக்காரி வேடம் இதுதான். அவளாவது கேட்டுவிட்டுக் குரலை வாங்கினாள். நீங்கள் கேட்கவே இல்லை.

இனி உங்கள் கேள்விகள். 1980களின் தொடக்கத்தில் இசை நடத்துநர் வாட்ஸ்லாவ் நோய்மான், செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து ருசால்காவைப் பதிவு செய்தபோது யெஷிபாபாவாகப் பாடியவர் வேரா சௌக்குபோவா. அப்போது அவருக்கு ஏறக்குறைய ஐம்பது வயது. இவர் பாதையைத்தான் உங்கள் பெண் பார்க்க வேண்டும். 1932இல் ப்ராகில் பிறந்தவர், ஆனால் தொழிலைத் தொடங்கியது ப்ராகில் இல்லை. 1957இல் ப்ளசென் அரங்கில் சேர்ந்து மூன்று வருடம் அங்கே பாடினார் (பியருக்குப் பேர்போன ஊர், ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான்). 1960இல்தான் ப்ராக் தேசிய அரங்கு. அதனால் நாளைக்கு உங்கள் பெண் ஆஸ்ட்ராவாவிலோ லிபெரெட்ஸிலோ இடம் கிடைத்தது என்று வந்து சொன்னால், ‘சின்ன ஊரா?’ என்று முகத்தைச் சுளிக்காதீர்கள்.

1966இல் சௌக்குபோவா ஜெர்மனியில் பைராய்ட் விழாவுக்குப் போய், இசையமைப்பாளர் வாக்னரின் மோதிரக் கதை ஆபராவில் எர்டாவாகப் பாடினார். எர்டா என்றால் பூமித்தாய், உலகத்தில் எல்லோரையும்விட மூத்தவள். பாடியவருக்கு வயது 34. கார்ல் பூம் நடத்திய அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது, இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். தேவர்களுக்கெல்லாம் தலைவனான வோட்டான், மோதிரத்தைத் தரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். சுற்றி நிற்கிறவர்கள் கெஞ்சுகிறார்கள், அசையவில்லை. திடீரென்று இருட்டுகிறது, தரைக்கு அடியிலிருந்து எர்டா எழுந்து வருகிறாள், விட்டுவிடு என்கிறாள். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுகிறான். அவள் நிற்பது ஐந்தாறு நிமிடம்தான், மறுபடி பூமிக்குள் போய்விடுகிறாள். அங்கே கிளி கொஞ்சுகிற குரலில் ஒருத்தி வந்து சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பானா? கதாநாயகி இல்லை, பாதி ஆட்டம் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், எல்லாம் உண்மைதான். ஆனால் மொத்தக் கதையும் திரும்புகிற இடத்தை இந்தக் குரலிடம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஆபரா மட்டும் இல்லை, இந்தக் குரலுக்குப் பாதிச் சோறு கச்சேரி மேடையில் இருக்கிறது. கான்ட்ரால்ட்டோ அங்கே ரொம்ப நேரம் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து, முறை வந்ததும் எழுந்து பாட வேண்டும். சௌக்குபோவா 1961இல் நடத்துநர் ஸ்மெட்டாச்செக்கோடு ட்வோர்ஷாக்கின் ‘ஸ்டாபாட் மாட்டெர்’ பதிவில் பாடினார், இன்னொரு நடத்துநர் ஆன்செர்ல் பதிவு செய்த, செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் பெரிய திருப்பலிப் பாட்டிலும் அவர் குரல் உண்டு. அந்த ஸ்டாபாட் மாட்டெர், சிலுவையடியில் நின்ற தாயின் பாட்டு. ட்வோர்ஷாக் இரண்டு வருடத்தில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்து 1877இல் எழுதி முடித்தார். முடிவுக்குச் சற்று முன்னால் ஆல்ட்டோ, அதாவது இந்தக் கீழ்க்குரல்காரி, தனியாக எழுந்து பாடும் பகுதி ஒன்று வருகிறது. அதைக் கேட்டபின் ‘கட்டைக்குரல்’ என்று எழுத உங்களுக்குக் கை வராது.

வேறு ஆசிரியர்? தயவுசெய்து வேண்டாம். மார்த்தா க்ராசோவா என்று ஒரு பெரிய பாடகி, 1901இல் பிறந்தவர், பிராட்டிஸ்லாவாவில் சோப்ரானோவாகத்தான் தொடங்கினார். அப்புறம் கீழே இறங்கினார், இறங்கிய இடத்தில்தான் அவர் குரல் இருந்தது, 1928இலிருந்து முப்பது வருடத்துக்கு மேல் ப்ராக் தேசிய அரங்கில் நின்றார். மேலே இழுத்துக் கட்டினால் குரல் கிழியும், அவ்வளவுதான்.

பிழைப்பு கேட்டீர்கள். எர்னஸ்டீன் ஷூமான்-ஹைங்க், இப்போது ப்ராகின் ஒரு பகுதியான லிபெனில் 1861இல் பிறந்தவர். வீட்டில் ஜெர்மன் பேசியவர் என்பதால் செக் பாடகி என்று சொல்ல முடியாது, ஆனால் உங்கள் ஊர் மண். ஏழெட்டுப் பிள்ளைகள், முதல் கணவரோடு விவாகரத்து, இரண்டாவது கணவர் 1904இல் இறந்துவிட்டார். அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது இந்தக் குரல்தான். 1932இல், எழுபது வயதில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் கடைசியாகப் பாடினார். வேடம் எர்டா. அதே வருடம்தான் சௌக்குபோவா பிறந்தார். பதினாறு வயதுப் பெண்ணாக நடிக்கிற சோப்ரானோவுக்கு ஒரு கட்டத்தில் கண்ணாடியே பகையாகிவிடும், உங்கள் பெண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் இந்தக் குரல் பழுக்க நாளாகும், முப்பதைத் தாண்டும்வரை பொறுக்க வேண்டும். அதுவரை வீட்டு வாடகைக்கு யார் கை கொடுப்பது என்பதை நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து பேசுங்கள். பெற்றவர்கள் வேலை அதுதான், குரலைத் திருத்துவது இல்லை.

அம்மா வேடம் என்றால் இளப்பம் என்று எண்ணுகிறீர்கள் போல. யானாச்செக்கின் ‘யெனூஃபா’வில் ஒரு சிற்றன்னை வருகிறாள், க்ராசோவா பாடிப் பதிவான வேடம். ஊர் வாய்க்குப் பயந்து, மகளின் பச்சைக் குழந்தையை ஆற்றுப் பனிக்கட்டிக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். மகள்மேல் பாசம் இல்லாமல் இல்லை, பாசம் நிறைய. ‘ஊர் என்ன சொல்லும்’ அதைவிடப் பெரிதாகிவிட்டது. அதே யானாச்செக்கின் இன்னொரு ஆபராவில் கபனிகா என்று ஒரு பொல்லாத மாமியார், அது கான்ட்ரால்ட்டோவுக்குத்தான். உங்கள் மாமியாரை நான் இதில் இழுக்கவில்லை, அவர் செய்ததில் தப்பே இல்லை. எழுபது எண்பது வயது மனுஷி, லைன் சரியில்லாமல் ‘யாரு தம்பி?’ என்று கேட்டிருப்பார். ‘தம்பி இல்ல அத்தை, உங்க பேத்தி, பெரிய பாட்டுக்காரி ஆகப்போறா’ என்று சிரித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நீங்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பெண்ணையும் விடமாட்டேன். 19 வயது, கையில் போன் இருக்கிறது, அம்மா தரவில்லை என்று இத்தனை மாதம் பாட்டியைக் கூப்பிடாமல் இருந்ததற்கு என்ன சாக்கு? பாட்டிக்குப் பேசுவது பேத்தியின் கடமை, அதற்கு யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. இந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கும்போது கை ஈரமாகவே இருக்கட்டும். சமையலறையை விட்டு நகராதீர்கள். மறுபடியும் ‘யாரு தம்பி?’ என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் அவள். அப்படியே பாட்டிக்கு ஒரு பாட்டுப் பாடட்டும், எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு கீழே.