மச்சான் போன வழியில் மகள் போக முடியாது

போன வாரம் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தது. அப்பா, அம்மா, மகள். அப்பா கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே பளபளவென்று ஒரு கோச்சிங் சென்டர் நோட்டீஸ். அதற்கடியில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருக்கும் ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பட்டாவும் வில்லங்கச் சான்றிதழும். மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறார். சம்பளம் பதினாறாயிரம்.

"மச்சான் நியூஜெர்சியில இருக்காரு சார். என்கிளெக்ஸ் பாஸ் பண்ணிட்டா போதும், அங்க கூப்பிட்டுக்குவாங்கன்னு சொல்றாரு. கோச்சிங், பேப்பர் வேலை, விசா எல்லாம் சேத்து ஏழு லட்சம் கேக்குறாங்க. நிலத்தை வெச்சிடலாமான்னு யோசிக்கிறேன்."

முதலில் வழக்கம்போல நாலு வார்த்தை ஆறுதலாகத்தான் பேசினேன். பட்டா மேசைமேல் வந்ததும் அதை நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நோட்டீஸ் இந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளில் கிடக்கிறது.

என்கிளெக்ஸ் தேர்வின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் பெற எழுத வேண்டிய கணினித் தேர்வு அது. நன்றாக வடிவமைத்திருக்கிறார்கள். நீங்கள் சரியாகப் பதில் சொல்லச் சொல்லக் கேள்வி கடினமாகும். தவறினால் எளிதாகும். குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. 2023 ஏப்ரலிலிருந்து ஒரே நோயாளியின் நிலையைத் தொடர்ந்து ஆறு கேள்வி கேட்கும் பகுதியும் சேர்ந்திருக்கிறது. வெறும் மனப்பாடம் அங்கே எடுபடாது. சென்னையிலேயே எழுதலாம். தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதால் இன்னும் 150 டாலர். இரண்டும் சேர்த்து ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாய். சான்றிதழ் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, மாநில வாரியக் கட்டணம் என்று தாராளமாகக் கூட்டிப் பார்த்தாலும் ஏழு லட்சம் வரவே வராது. "மிச்சம் எதுக்குன்னு கேட்டீங்களா?" என்றேன். கேட்கவில்லை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் விசா. மச்சான் சாஃப்ட்வேர் வேலைக்கு எச்-1பி விசாவில் போனவர். தான் போன மாதிரியே தங்கச்சி மகளும் வந்துவிடலாம் என்று மனதார நம்புகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த விசா பட்டப்படிப்பு கட்டாயமான வேலைகளுக்கானது. அமெரிக்காவில் சாதாரண நர்ஸ் வேலைக்குப் பட்டம் கட்டாயமில்லை என்பதால் நர்ஸுகளுக்கு அது அநேகமாகக் கிடைப்பதில்லை. அவர்கள் பெரும்பாலும் இ.பி.-3 என்ற பிரிவில் கிரீன் கார்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அதில் பிறந்த நாட்டைப் பொறுத்து வரிசை. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசையில் இப்போது கூப்பிடப்படுகிறவர்கள் பத்து வருடத்துக்கும் முன்னால் பதிந்தவர்கள். உங்கள் மகள் முதல் தடவையிலேயே பாஸ் செய்யட்டும், உரிமமும் கைக்கு வரட்டும். அதை வைத்துக்கொண்டு அங்கே போய் இறங்க முடியாது. வட்டியோ அடுத்த மாதமே ஓட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஏஜென்டின் பதிவு எண் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் நூறு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வளைகுடாவும் இங்கிலாந்தும் ஜெர்மனியும் எல்லோர் வாயிலும் இருக்கின்றன. மாநில அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். நம் பக்கத்து வீடுகளில் யாரும் வாயெடுக்காத ஒன்று இருக்கிறது: மத்திய அரசு மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் வேலை.

கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரியின் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர் என்றால் நோயாளியாகப் போகும் இடம். விடியற்காலை பஸ் பிடித்து, கோரிமேட்டில் இறங்கி, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கிறோம். வார்டில் ஊசி போடுகிற சிஸ்டர் மலையாளத்தில் பேசுவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறோம். அந்த வேலை நம் வீட்டுப் பெண்ணுக்கும் உரியது என்று தோன்றுவதேயில்லை. ஜிப்மர் தனியாக அறிவிப்பு கொடுத்து ஆள் எடுத்திருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு 2020 முதல் டெல்லி எய்ம்ஸ் நடத்தும் பொதுத்தேர்வின் பெயர் நார்செட். பணியில் சேரும்போது அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, செவிலியர் படி எல்லாம் உண்டு.

நார்செட்டுக்கு பி.எஸ்சி. நர்சிங் படித்து, நர்ஸ்-மிட்வைஃப் பதிவு வைத்திருந்தால் போதும். டிப்ளமோ படித்தவர்களுக்கு 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். வயது 18 முதல் 30 வரை. ஓ.பி.சி.க்கு 3 வருடமும் எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருடமும் தளர்வு உண்டு. இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு. கட்டணம் 3,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 2,400.

இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் 100 கேள்விகள், 90 நிமிடம். அதை இருபது இருபதாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் 18 நிமிடம் தருகிறார்கள். நேரம் முடிந்தால் பகுதி மூடிக்கொள்ளும், திரும்பிப் போய்த் திருத்த முடியாது. அதனால் முழு வினாத்தாளை உட்கார்ந்து சாவகாசமாகப் போடும் பழக்கம் உதவாது. கைபேசியில் 18 நிமிடம் அலாரம் வைத்து இருபது கேள்வி போட வேண்டும். நைட் டியூட்டி முடிந்த களைப்பில் ஒரு நாள், நன்றாகத் தூங்கி எழுந்து ஒரு நாள், இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டம் தகுதிக்கு மட்டும்தான். ரேங்க் வருவது இரண்டாம் கட்டமான மெயின்ஸில்: 160 கேள்விகள், 180 நிமிடம், பெரும்பாலும் நோயாளியின் நிலையைச் சொல்லி 'முதலில் என்ன செய்வாய்' என்று கேட்கும் ரகம். தவறான பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். நான்கு விடையில் இரண்டையாவது நிச்சயமாகத் தள்ள முடிந்தால் மட்டும் தொடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அதுவரை அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. "ஃபிட்ஸ் வந்த கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட் போயிட்டிருக்கு. அடுத்த டோஸுக்கு முன்னாடி என்ன பாப்பேம்மா?" என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "முட்டி ரிஃப்ளெக்ஸ் இருக்கான்னு தட்டிப் பாப்பேன் சார். மூச்சு எண்ணுவேன். யூரின் மணிக்கு முப்பது எம்.எல்.லுக்குக் கொறையாம வருதான்னு பையைப் பாப்பேன். கால்சியம் குளூக்கோனேட் ட்ரேயிலயே எடுத்து வெச்சிருப்போம்." சொல்லும்போது வலது கை தானாக மடங்கி, காற்றில் முட்டியைத் தட்டியது. அப்பா மகளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு மெயின்ஸ் கேள்வி பாதி வார்டிலேயே நடந்துகொண்டிருக்கிறது. புத்தகத்திலிருந்து பிடிக்க வேண்டியது மெடிக்கல்-சர்ஜிக்கல், மனநல நர்சிங், மருந்தியல். டிரிப் கணக்கு தினம் ஐந்து போட வேண்டும்: 1000 எம்.எல். 8 மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் செட்டில் எம்.எல்.லுக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு என்று பேனா எடுக்காமல் வர வேண்டும். முதல் கட்டத்தில் 20 மதிப்பெண் பொது அறிவுக்கும் திறனறிவுக்கும். நம் பெண்கள் கோட்டை விடுவது அங்கேதான். தினசரி அரை மணி நேரம் பேப்பர், பள்ளிக்கூடக் கணக்கு, அவ்வளவுதான்.

பாஸ் செய்த பிறகும் காகிதத்தில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய வேலைக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்தோர் பிரிவு) அல்லாத ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அறிவிப்பில் சொல்லும் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அடுத்தது இனிஷியல். பத்தாவது மார்க்ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயர் விரித்து ஒரு மாதிரி, நர்சிங் கவுன்சில் பதிவில் இன்னொரு மாதிரி. இப்போதே ஒன்றாக்குங்கள். இதைக் கேட்டதும் அம்மா மெல்லச் சொன்னார், மகளின் அசல் சான்றிதழ்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இருக்கின்றனவாம், சேரும்போது வாங்கி வைத்துக்கொண்டார்களாம். எனக்குக் கோபம் வந்தது. சான்றிதழ் மகளுடைய சொத்து. எழுத்தில் கேட்டு, கையெழுத்து வாங்கி, திரும்பப் பெறுங்கள் என்றேன். தராவிட்டால் என்னிடம் வாருங்கள், அடுத்த கடிதத்தை நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

இதில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். போட்டி கடுமை. முதல் தடவை கிடைக்காமல் போகலாம். கிடைத்தால் கோரக்பூரோ ரேபரேலியோ வரலாம், இந்தி பேசும் நோயாளிகளோடு நாள் முழுக்க நிற்க வேண்டிவரும். சேர்ந்த மறுவருடமே மாற்றல் வாங்கி வந்துவிடலாம் என்ற நினைப்பில் போகாதீர்கள். "அவ்ளோ தூரம் பொண்ணத் தனியா எப்படி சார் அனுப்புறது?" என்றார் அம்மா. ரயிலில் இரண்டு நாள் தூரம்தான் அம்மா, நினைத்தால் நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன்.

கடைசியாக அப்பாவிடம், "என்னைக் கேக்காதீங்க, பொண்ணக் கேளுங்க," என்றேன். அவர் கேட்டார். "எனக்கு லேபர் வார்டு பிடிக்கும்ப்பா. அமெரிக்கா மாமா சொன்னாருன்னுதான் சரின்னேன். நிலத்தை வெக்கிறீங்கன்னு தெரிஞ்சதுலேருந்து தூக்கமே வரல." இதற்குப் பிறகு அந்த நிலத்தின் மேல் கடன் வாங்கும் பேச்சே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். என்கிளெக்ஸ் எங்கும் ஓடிவிடாது. இப்போது படிக்கிற படிப்பே அதற்கும் பாதி தயாரிப்பு. ஐந்து வருடம் கழித்தும் அவருக்கே ஆசை இருந்தால், சொந்தச் சம்பளத்தில் எழுதட்டும். மச்சானிடம் யார் சொல்வது என்று அப்பா தயங்கினார். எண்ணைக் கொடுங்கள், விசா வரிசையை நானே விளக்குகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை இரவு பேசினேன். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வார ஆஃபில் அந்தப் பெண் மறுபடி வருகிறார். பழைய வினாத்தாளில் பதினெட்டு நிமிடக் கணக்கில் போட்ட ஐந்து பகுதிகளையும், ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பித்த ரசீதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.