கூண்டு எண் என்ன, அண்ணே?

(1997 முதல் 2023 வரை மண்டபம் பகுதி கேபிளில் உள்ளூர்ச் செய்தி வாசித்தவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: செய்தி வாசிக்க எங்கே கற்றீர்கள்? – வாசகி, தொண்டி

இலங்கையிடம்! படகேறிப் போகவில்லை, பயப்படாதீர்கள். 1982-இல் ரூபவாஹினி தொடங்கியது. சென்னை தூர்தர்ஷன் எங்கள் பக்கம் எட்டாத காலம். ஆன்டெனாவை மூங்கில் கழியில் கட்டிக் கடலைப் பார்த்துத் திருப்பினால் கொழும்பு தெரியும். அந்தத் தமிழ்ச் செய்தியில் ழகரமும் ளகரமும் பிசகாது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கூடவே சொல்லிப் பார்ப்பேன். “யாரோட பேசுற?” என்பார் அம்மா.

கேள்வி: வாசித்ததில் செய்த பெரிய தவறு? – வாசகர், கீழக்கரை

எங்கள் கரையில் கைதுச் செய்திதான் கடினம். இலங்கைக் கடற்படை பிடித்துப் போனவர்களின் பெயர்ப் பட்டியல் கைக்கு வரும். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். ஒருமுறை அவசரத்தில் தகப்பனார் பெயரை விட்டுவிட்டு வாசித்தேன். மூன்று வீட்டிலும் அழுகை. அதில் ஒருவர் அன்று கடலுக்கே போகவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து என் செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்! மறுநாள் அவர் மனைவி வந்தார். “நல்லாத்தான் வாசிக்கிறீங்க அண்ணே, கொஞ்சம் முழுசா வாசிங்க” என்றார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அதன்பிறகு பெயர், தகப்பனார் பெயர், வயது, படகு எண் நான்கும் இல்லாமல் வாசித்ததில்லை. அதுவும் இரண்டு தடவை. கேமராத் தம்பிக்கு எரிச்சல்தான்.

கேள்வி: புயல் கூண்டில் 11 என்றும் ஓர் எண் உண்டாமே? – வாசகர், பாம்பன்

உண்டு. 1 என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று அடிக்கலாம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. நல்லவேளை, அதை வாசிக்க எனக்கு நேரவில்லை.

கேசட் காலத்தில் வேறு தொல்லை. 5 மணிக்குப் பதிவு செய்த கேசட், டிவிஎஸ் 50-இல் ஊர் ஊராகப் போய் 8 மணிக்கு ஓடும். அதற்குள் கூண்டு மாறியிருக்கும். அதனால் அந்த அறிவிப்பை மட்டும் இரண்டு மூன்று எண்களுக்குத் தனித்தனியாகப் பதிந்து கொடுத்துவிடுவேன். கேசட்டை ஓடவிடுகிற பையன் போனில் கேட்டுச் சரியானதைப் போடுவான்.

2020 டிசம்பரில் புரெவி வருகிறது, வருகிறது என்று நாள் முழுக்க வாசித்தேன். அது மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து நின்றுவிட்டது. “உங்க புயல் எங்கே அண்ணே?” என்று மார்க்கெட்டில் ஒரு வாரம் கேலி. கேட்கட்டும், படகெல்லாம் கரையில் இருந்ததே.

கேள்வி: கலாம் ஐயா அடக்கத்தன்று என்ன வாசித்தீர்கள்? – வாசகி, உச்சிப்புளி

2015 ஜூலை 30. டெல்லிச் சேனல்களெல்லாம் அடக்கம் நடந்த பேக்கரும்பில் நின்றன. எங்களை யார் பார்ப்பார்கள்? பஸ் எதுவரை போகும், குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத்தான் பார்த்தார்கள்.

கேள்வி: இப்போதும் யாராவது கூப்பிடுகிறார்களா? – வாசகர், தங்கச்சிமடம்

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடியும் ஜூன் மாதத்தில் போன் ஓயாது. “நாளைக்குக் கடலுக்குப் போக டோக்கன் உண்டா அண்ணே?” செல்போனில் எல்லாம் வருகிறதே என்றால், “நீங்க சொல்லுங்க” என்கிறார்கள். சரி, யார் பேசுவது என்று கேட்டால், தன் பெயரோடு தகப்பனார் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.