இருபதாயிரத்துக்குள்ள எந்த ஜி.பி.எஸ் வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல படகுல வைக்கிற ஜி.பி.எஸ் பத்தி நாலு வரி தான் எழுதினேன், அதுக்கு தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் கடிதமா வந்துருச்சு. பாதி கடிதம் கேக்குறது ஒரே விஷயம், கம்மி விலையில நல்லது எது. அதனால இந்த தடவை மத்த கேள்வி எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணே, எங்க அப்பா சின்ன ஃபைபர் வத்தையில நண்டு வலை போடுறாங்க, நாலஞ்சு மைல் தான் போவாங்க. போன மார்கழியில விடியக்காலம் பனி மூடி, கரை எந்தப் பக்கம்னே தெரியாம ரெண்டு மணி நேரம் இன்ஜினை நிப்பாட்டிட்டு உக்காந்திருந்தாங்களாம். அதை வீட்டுல வந்து சாதாரணமா சொல்றாங்க, கேட்ட எனக்கு தான் கை கால் நடுங்குச்சு. நான் இப்போ வேலைக்குப் போறேன், இருபதாயிரம் சேத்து வச்சிருக்கேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, கிட்டப்பார்வையும் கொஞ்சம் மங்கல். எது வாங்கிக் குடுக்கலாம்?
(தேவிபட்டினம் வாசகி)

பதில்: தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அப்பா இன்ஜினை நிப்பாட்டிட்டு உக்காந்தது ரொம்ப சரியான காரியம். திசை தெரியாம ஓட்டிருந்தா பெட்ரோலும் போயி ஆளும் எங்கயோ போயிருப்பாரு.

உங்க பணத்துக்கு கையில பிடிக்கிற சின்ன ஜி.பி.எஸ் போதும், கடைக்காரர் கலர் மேப், தொடுதிரைன்னு என்ன சொன்னாலும் அசையாதீங்க. கார்மின் ஈட்ரெக்ஸ் வரிசையில ஆரம்ப மாடல்களைப் பாருங்க. ஈட்ரெக்ஸ் எஸ்.இ.ன்னு ஒண்ணு இருக்கு, கறுப்பு வெள்ளை திரை தான், ஆனா உச்சி வெயில்ல கூட பளிச்சுன்னு தெரியும், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே டபுள் ஏ பேட்டரி, அது ரெண்டு போட்டா 168 மணி நேரம் ஓடும்னு கம்பெனி சொல்லுது. உப்புக்காத்துல அதுல பாதி ஓடுனாலே நம்ம தொழிலுக்கு தாராளம். அதே வரிசையில 22எக்ஸ்னு இருக்கு, அது கலர், மேப்பும் உண்டு, பேட்டரி 25 மணி நேரம் தான். ரெண்டுல எனக்குக் கேட்டா அப்பாவுக்கு முதல்ல சொன்னது தான். அந்த மேப்பு ரோட்டுக்கும் ஊருக்கும் போட்டது, கடல்ல ஆழமும் காட்டாது, தண்ணிக்கடியில இருக்கிற பாறைத்திட்டு, அதான் பார், அதையும் காட்டாது, அதுக்கு எதுக்கு கூட காசு குடுக்கணும்?

பேட்டரி கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும்ங்கிறதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. உள்ளயே பேட்டரி வச்சு சார்ஜ் போடுற சாதனம் நடுக்கடல்ல நின்னா நின்னது தான், டபுள் ஏ பேட்டரி நாலு பாலித்தீன் கவர்ல சுத்தி டப்பாவுல போட்டு வச்சா வேலை முடிஞ்சுது. சார்ஜ் பண்ற டபுள் ஏ வாங்குனீங்கன்னா செட்டிங்குல பேட்டரி வகைய மாத்தி வைங்க, இல்லன்னா மீதி எவ்வளவு இருக்குன்னு தப்பா காட்டும்.

இந்த ஈட்ரெக்ஸ் எல்லாம் தண்ணி தாங்கும், ஐ.பி.எக்ஸ் 7ன்னு போட்டிருப்பான், ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம்னு அதுக்கு அர்த்தம். ஆனா மிதக்காது! கை தவறுனா நேரா அடிக்குப் போயிடும், அதனால வாங்குன அன்னைக்கே ஒரு கயிறு கட்டி வத்தையில மாட்டிடுங்க. மிதக்குற மாடல் வேணும்னா ஜி.பி.எஸ்.மேப் 79எஸ் இருக்கு, திரையும் கொஞ்சம் பெருசு, அப்பா கண்ணுக்கு அது தான் சுகம், ஆனா உங்க பணத்துக்கு மேல போகும். பின்னால முடிஞ்சா பாத்துக்கலாம்.

இங்கிலீஷ் தெரியலங்கிறத நினைச்சு நீங்க பின்வாங்க வேண்டாம். மெனு முழுக்க யாரு படிக்கப் போறா, மூணு வேலை பழகுனா போதும், நிக்கிற இடத்துல பாயிண்ட் போடுறது, அதாவது அந்த இடத்தை மெஷின்ல பதிஞ்சு வைக்கிறது, போட்ட பாயிண்டுக்குப் போறது, வந்த தடத்துலயே திரும்புறது. பட்டன் எத்தனை தடவை எந்தப் பக்கம் அமுக்கணும்னு நீங்க பக்கத்துல உக்காந்து ஒரு வாரம் சொல்லிக் குடுங்க, வீட்டுல இருந்து நவபாஷாணம் கோயில் வரைக்கும் நடந்து போயி திரும்பி வர வைங்க. தரையில பழகாததை பனியில பழக முடியாது. கரையில முதல் பாயிண்டா வத்தை கட்டுற இடத்தைப் போட்டு அதுக்கு ஒரு படம் தேர்ந்தெடுத்து வச்சிடுங்க, கொடி, நங்கூரம் மாதிரி நிறைய படம் உள்ளயே இருக்கும், எழுத்து படிக்காமலே அப்பாவுக்கு தெரியும்.

இன்னொண்ணு, இது ரொம்ப பேருக்குத் தெரியாது. கம்மி விலை ஜி.பி.எஸ் பலதுல உள்ள தனியா காம்பஸ் இருக்காது, படகு நகர்ந்தா தான் அது திசைய கணக்குப் போடும், நின்னுட்டா அம்புக்குறி இஷ்டத்துக்கு சுத்தும். அப்பா மாதிரி இன்ஜின் நிப்பாட்டுன ஆளு அதைப் பாத்தா மெஷின் கெட்டுப்போச்சுன்னு தான் நினைப்பாரு. மெதுவா அம்பது அடி நேரா ஓட்டுனா அம்பு தானா சரியாகிடும். இதுக்காகவே சின்ன காந்த காம்பஸ் ஒண்ணும் கூட வாங்கி வைங்க, அதுக்கு பேட்டரியே வேண்டாம்.

கேள்வி: போன்லயே ஜி.பி.எஸ் இருக்கும்போது தனியா எதுக்கு? டவர் இல்லன்னா வேலை செய்யாதுன்னு சிலர் சொல்றாங்க, உண்மையா?
(மண்டபம் வாசகர்)

பதில்: உண்மை இல்ல தம்பி. ஜி.பி.எஸ் சிக்னல் டவர்ல இருந்து வரல, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற செயற்கைக்கோள்ல இருந்து வருது, குறைஞ்சது நாலு கோள் கிடைச்சா நீங்க நிக்கிற இடம் தெரிஞ்சிடும். டவர் இருந்தா முதல் தடவை சீக்கிரம் பிடிக்கும், இல்லன்னா கொஞ்சம் காத்திருக்கணும், அவ்வளவு தான் வித்தியாசம். புதுசா வர்ற நிறைய போன்ல நம்ம இஸ்ரோவோட நாவிக்ங்கிற இந்திய ஜி.பி.எஸும் சேர்ந்தே இருக்கு. மேப்பை மட்டும் கரையிலயே இறக்கி வச்சிடணும்.

அப்புறம் ஏன் தனியா வாங்கச் சொல்றேன்னா, ஈரக்கையால தொட்டா தொடுதிரை கேக்காது, வெயில்ல திரை இருட்டா தெரியும், சூடு ஏறுனா போன் தானா நின்னுடும், சார்ஜ் மத்தியானத்துக்கு மேல தாங்காது. எல்லாத்துக்கும் மேல ஒரு ஆபத்துன்னு வந்தா பேசுறதுக்கு இருக்கிறதும் அதே போன் தான், கடலோரக் காவல்படை 1554, கரையோர போலீஸ் 1093, இந்த ரெண்டு நம்பரையும் கூப்பிடுறதுக்கு சார்ஜ் மிச்சம் இருக்கணும்ல. போனை ரெண்டாவது ஆளா வச்சுக்கங்க.

கேள்வி: சொந்தக்காரர் சொன்ன பாயிண்டை அப்படியே ஏத்துனேன், ஆனா அங்க போனா பார் இல்ல. மெஷின் கோளாறா?
(ஏர்வாடி வாசகர்)

பதில்: மெஷின் மேல பழி போடாதீங்க, இதே தப்ப நானும் பண்ணிருக்கேன். போன்ல ஒருத்தர் வலை கிடக்குற பாயிண்டைச் சொல்ல நான் சிட்டையில எழுதிக்கிட்டேன், மறுநாள் போனா வலையைக் காணோம், மத்தியானம் வரைக்கும் தேடி வயித்தெரிச்சலோட திரும்புனேன், வேற யாரோ வலைய எடுத்துட்டாங்கன்னு மனசுக்குள்ள சந்தேகப்பட்டுட்டேன், அது தான் இன்னைக்கும் எனக்கு வருத்தம்.

விஷயம் இது தான். ஒரே இடத்தை மூணு விதமா எழுதலாம், இதுல வர்ற நிமிஷம், செகண்ட் எல்லாம் நேரம் இல்ல, டிகிரியோட சின்ன பங்கு. டிகிரியும் புள்ளி வச்ச நிமிஷமும் ஒரு விதம், டிகிரி நிமிஷம் செகண்ட் இன்னொரு விதம், டிகிரி மட்டும் நீளமா புள்ளி வச்சு எழுதுறது மூணாவது. அவரு சொன்னது 9 டிகிரி 28.500 நிமிஷம், அதாவது இருபத்தெட்டரை நிமிஷம், செகண்டுல சொன்னா 28 நிமிஷம் 30 செகண்ட். நான் எழுதுனது 28 நிமிஷம் 50 செகண்ட். ஒரு நிமிஷம் வடக்க தெற்க ஒரு கடல் மைல், 1,852 மீட்டர், அப்போ அந்த 20 செகண்ட் தப்புக்கு 600 மீட்டருக்கு மேல தள்ளிப் போயிட்டேன். வலை எப்படி கிடைக்கும்? உங்க பாரும் அப்படித் தான் தவறிருக்கும்.

அதனால ரெண்டு பேர் மெஷின்லயும் ஒரே முறை இருக்கணும். கடல் தொழிலுக்கு டிகிரியும், புள்ளிக்குப் பின்னால மூணு எண் வர்ற நிமிஷமும் தான் நல்லது, கடைசி ஒரு எண் மாறுனா கூட ரெண்டு மீட்டர் தான் வித்தியாசம் வரும். அதே செட்டிங் பக்கத்துல மேப் டேட்டம்னு ஒண்ணு இருக்கும், எந்த அளவு முறையில இடத்தைக் கணக்குப் போடணும்ங்கிறது அது, அதுல டபிள்யூ.ஜி.எஸ் 84 இருக்கான்னு பாருங்க, பழைய இந்திய டேட்டத்துல கிடந்தா அதுவும் சில நூறு மீட்டர் தள்ளிடும். பாயிண்ட் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வீட்டுல வைங்க, மெஷின் கடல்ல விழுந்தா இருபது வருஷம் தேடுன பார் எல்லாம் கூடவே போயிடும்.

கேள்வி: தீவுக்கு வெளியில நின்னு கரைக்குப் போக பாயிண்ட் போட்டா, அம்புக்குறி தீவு மேலயே காட்டுது. நம்பலாமா?
(வேதாளை வாசகர்)

பதில்: நம்பவே கூடாது! ஜி.பி.எஸ்க்கு ரெண்டு புள்ளிக்கு நடுவுல நேர்கோடு போடத் தெரியும், நடுவுல முயல் தீவு இருக்கா பார் இருக்கான்னு அதுக்குத் தெரியாது. நம்ம மன்னார் வளைகுடாப் பக்கம் 21 தீவும் அதைச் சுத்தி பவளப்பாறையும் இருக்கு, தேசிய பூங்கா வேற, தீவுல ஏறவும் கூடாது. கரை கிளம்பும்போதே தடம் பதியுற மாதிரி வச்சிட்டு, திரும்புறப்போ அதே தடத்துல வர்ற வசதிய பயன்படுத்துங்க. இல்லன்னா திரும்புற முனையில எல்லாம் ஒரு பாயிண்ட் போட்டு ஒண்ணு ஒண்ணா வாங்க. கண்ணுக்கு கோபுரமும் லைட் ஹவுஸும் தெரியுறப்போ நம்ம பெரியவங்க பாத்த அடையாளத்தையும் சேத்தே பாருங்க, மெஷின் சொல்றதும் கண்ணு சொல்றதும் ஒத்துப்போகலன்னா வேகத்தைக் குறைச்சிடுங்க.

கேள்வி: நமக்கும் இலங்கைக்கும் நடுவுல உள்ள கடல் எல்லைக் கோட்டை ஜி.பி.எஸ்ல ஏத்தலாமா அண்ணே? ராத்திரி வலை போட்டுட்டு கிடக்கும்போது எங்க இருக்கோம்னே தெரிய மாட்டேங்குது.
(ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: கட்டாயம் ஏத்தணும் தம்பி. பாக் ஜலசந்தியில இருந்து ஆதம் பாலம் வரைக்கும் உள்ள கோடு 1974 ஒப்பந்தத்துல ஆறு புள்ளியா குறிச்சது, மன்னார் வளைகுடாப் பக்கம் 1976 ஒப்பந்தம். அந்தப் புள்ளிகளை யாரோ சொன்னாங்கன்னு ஏத்தாதீங்க, மீன்வளத்துறை ஆபீஸ்ல எழுத்துல வாங்கி, ஏர்வாடி வாசகருக்குச் சொன்ன மாதிரி எந்த முறையில எழுதிருக்குன்னு பாத்து ஏத்துங்க. கோட்டு மேலயே அலாரம் வைக்காம நம்ம பக்கம் ரெண்டு மைல் முன்னாலயே வைங்க. வலை போட்டு இன்ஜின் நிப்பாட்டுன படகை காத்தும் நீரோட்டமும் சத்தமில்லாம இழுத்துட்டுப் போகும், அலாரம் அடிச்சு தூக்கம் கலைஞ்சு வலைய வாங்கி இன்ஜின் போடுறதுக்கு நேரம் வேணும்ல. இந்த வசதிக்கு ப்ராக்ஸிமிட்டி அலாரம்னு பேரு, எல்லா மாடல்லயும் இருக்காது, கடையிலயே போட்டுக் காட்டச் சொல்லுங்க.

2024 ஆகஸ்ட்ல மத்திய அரசு ஒரு லட்சம் படகுக்கு இலவசமா டிரான்ஸ்பாண்டர் குடுக்குற திட்டம் ஆரம்பிச்சாங்க, இஸ்ரோ தயாரிச்சது, ஆபத்துன்னா அதுல இருந்து கரைக்கு தகவல் போகும், கரையில இருந்து புயல் எச்சரிக்கையும் வரும். உங்க படகுக்கு கிடைக்குமான்னு மீன்வளத்துறையில பதிஞ்சு கேளுங்க. அது கிடைச்சாலும் கையில ஒரு ஜி.பி.எஸ் இருக்கட்டும்.

கேள்வி: துபாய்ல இருந்து மச்சான் சேட்டிலைட்ல மெசேஜ் அனுப்புற கார்மின் கொண்டு வர்றேங்கிறான். வாங்கலாமா?
(கீழக்கரை வாசகர்)

பதில்: வேண்டாம்னு இன்னைக்கே போன் போட்டு சொல்லிடுங்க. நம்ம நாட்டுல சேட்டிலைட் போன், சேட்டிலைட் மெசேஜ் சாதனம் எல்லாம் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம வச்சிருந்தா குற்றம், ஏர்போர்ட்லயே பிடிச்சு வழக்குப் போட்டிருக்காங்க. சிக்னலை வாங்க மட்டும் செய்யுற சாதாரண ஜி.பி.எஸ் வேற, அனுப்பவும் செய்யுற இது வேற.

கேள்வி: ஒருத்தர் பழைய ஜி.பி.எஸ் பாதி விலைக்குத் தர்றாரு, ஆனா தேதி இருபது வருஷம் பின்னால காட்டுது.
(தொண்டி வாசகர்)

பதில்: ஜி.பி.எஸ் வாரத்தை 1,024 வரைக்கும் எண்ணிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துடும், கடைசியா 2019 ஏப்ரல்ல வந்துச்சு, பழைய மெஷின் சிலது அதுல குழம்பிடுச்சு. இடம் சரியா காட்டுதான்னு தெரிஞ்ச பாயிண்ட்ல நின்னு பாருங்க. பேட்டரி மூடியைத் திறந்து கம்பியில பச்சை பூத்திருந்தா, ரப்பர் மூடி தளர்ந்திருந்தா, எவ்வளவு கம்மின்னாலும் விட்டுடுங்க.

கேள்வி: நாங்க கடல்காரங்க இல்ல. மழைக்குப் பிறகு எங்க பெரிய கண்மாய் நிறைஞ்சா நண்பர்களோட சின்ன கயாக்ல போவோம். அதுக்கும் ஜி.பி.எஸ் வேணுமா?
(ஆர்.எஸ்.மங்கலம் வாசகர்)

பதில்: காசை முதல்ல லைஃப் ஜாக்கெட்டுக்கு செலவழிங்க, ஆளுக்கு ஒண்ணு. கண்மாய்ல எந்தப் பக்கம் போனாலும் கரை வந்துடும், வழி தவறுற பயம் கம்மி, தண்ணி புகாத உறையில போட்ட போனே போதும். கண்மாய்ல பயம் தண்ணிக்கடியில கிடக்குற கருவேல மரமும் பழைய கிணறும் மண் எடுத்த பள்ளமும் தான், அது எந்த மேப்லயும் கிடையாது. அதை நீங்களே குறிச்சுக்கலாம், கோடையில கண்மாய் காஞ்சு கிடக்கும்போது போனை எடுத்துக்கிட்டு உள்ள நடந்து போயி ஒவ்வொரு மரத்துக்கிட்டயும் கிணத்துக்கிட்டயும் நின்னு ஒரு பாயிண்ட் போட்டு வச்சிடுங்க. நாலஞ்சு மீட்டர் முன்ன பின்ன இருக்கும், அதனால தண்ணி வந்த பிறகு அந்தப் பாயிண்டை விட்டு இருபது மீட்டராவது விலகியே துடுப்புப் போடுங்க.