காய்ச்சலும் பாய்ச்சலும்: தெரிந்தும் ஏன் கைகூடுவதில்லை?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. போன ஆண்டு குறுவை நெல்லுக்கு முன் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டுவது பற்றி ஊரில் பயிற்சி நடந்தது. முப்பது பேர் உட்கார்ந்து கேட்டோம். பன்னிரண்டு பேர் வயலில் தண்ணீர் மட்டம் பார்க்கும் குழாயை வாங்கிப் போனோம். ஐந்து பேர் பதித்தோம். ஆடி முடிவதற்குள் எல்லார் வயலிலும் பழையபடி தண்ணீர் நின்றது. என் வயலிலும்தான். ஆறு மா நிலம் (மா என்பது மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்), களிமண், சொந்த போர்வெல். தண்ணீர் மிச்சமாகும், மீத்தேன் குறையும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் முடிவதில்லை? இந்தக் குறுவையில் மறுபடி தொடங்கினால் நிலைக்குமா?

பதில்: நிலைக்கும், ஆறு மாவிலும் ஒரே ஆண்டில் தொடங்காமல் இருந்தால்.

முதலில் அந்த "ஏன்". பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் விவசாயிக்குத் தெரியாது, சொல்லிக் கொடுத்தால் செய்வார் என்ற நினைப்பில் நடக்கின்றன. டெல்டா விவசாயிக்கு இது புதுச் செய்தி இல்லை. 2010இல் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்தபோது "ராஜராஜன் 1000" என்று பெயர் சூட்டிப் பரப்பிய செம்மை நெல் சாகுபடியிலும் இதே பாசனமுறைதான் இருந்தது. ஒற்றை நாற்று, சதுர நடவு, கோனோ வீடர் என்ற களைக்கருவி, மயிரிழை வெடிப்பு கண்டபின் தண்ணீர். பலர் செய்து பார்த்தார்கள், பலர் விட்டார்கள். நின்ற தண்ணீர் வயலில் மூன்று வேலை செய்கிறது. அந்த மூன்றையும் வேறொன்று செய்யாதவரை தண்ணீர் திரும்பி வந்துவிடும்.

முதல் வேலை காப்பீடு. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும் என்பது கணக்கு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2022இல் மே 24லேயே திறந்தது. 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. திறந்த பிறகும் வாய்க்கால்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்டால் அடுத்த முறை எப்போது என்று கடைமடைக்காரருக்கு உறுதியாகத் தெரியாது. வந்த தண்ணீரை வரப்பு விளிம்புவரை தேக்கி வைப்பது அவருக்கு மூடத்தனம் இல்லை, சேமிப்பு. அவரிடம் போய் "வயலைக் காயவிடுங்கள்" என்பது, சம்பளத் தேதி தெரியாதவரிடம் கையிருப்பைச் செலவழிக்கச் சொல்வது மாதிரி. மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற உங்கள் பக்கத்து நிலைமையும், அதே ஆறுகளின் கடைசி வாய்க்காலை நம்பியிருப்பவர் நிலைமையும் ஒன்றில்லை. எனவே வாய்க்காலை மட்டும் நம்பும் வயலில் இதைத் தொடங்கச் சொல்லவே மாட்டோம். தண்ணீர் யார் கையில் இருக்கிறதோ அவரால்தான் அதை நிறுத்தவும் முடியும்.

உங்கள் கையில் போர் இருக்கிறது, காப்பீடு தேவையில்லை. ஆனாலும் தண்ணீர் நின்றது. காரணம் அனேகமாக மோட்டாரில் இருக்கும். பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்ற பழைய பயத்தில் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டு வைத்திருப்போம். மின்சாரம் வந்தால் மோட்டார் ஓடும், வயலுக்குத் தேவையா என்று கேட்காது. கணக்கைப் பாருங்கள். ஒரு மாவில் 5 செ.மீ. தண்ணீர் கட்ட ஏறக்குறைய 67,000 லிட்டர் போதும். வினாடிக்கு 10 லிட்டர் தள்ளும் மோட்டார் என்றால் அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டம். ஆறு மாவுக்கும் சேர்த்துப் பதினொரு மணி நேரம். களிமண்ணில் அதுவும் ஐந்தாறு நாளைக்கு ஒரு தடவைதான். முதல் வேலையாக ஆட்டோவைக் கழற்றிக் கையால் போடும் சுவிட்சுக்கு மாறுங்கள். பத்துப் பயிற்சியால் ஆகாதது இந்த ஒரு மாற்றத்தால் ஆகும். ஒவ்வொரு தடவையும் கொட்டகைக்கு நடந்து போய்ப் போட வேண்டும் என்றாலே, போகும் வழியில் குழாயை எட்டிப் பார்ப்பீர்கள்.

நின்ற தண்ணீரின் இரண்டாவது வேலை களையெடுப்பு. நட்ட சில நாளிலேயே வயலைக் காயவிட்டால் கோரையும் குதிரைவாலிப் புல்லும் நெல்லோடு போட்டி போட்டு வரும். ஆள் கிடைக்காத காலத்தில் ஒரு களையெடுப்புக் கூலி கூடினால், மிச்சமான தண்ணீருக்காக யாரும் அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். இலவசமாகக் கிடைத்த தண்ணீர் மிச்சம், காசு கொடுத்த கூலி செலவு! போன ஆண்டு உங்கள் ஐந்து பேரில் சிலர் இங்கேதான் திரும்பியிருப்பார்கள். எனவே களை கட்டுப்படும்வரை, அதாவது நட்டு முதல் பத்து நாளுக்கு, 2 முதல் 3 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். களை அதிகம் வரும் வயல் என்றால் இருபது நாள்வரைகூட நீட்டுங்கள், தவறில்லை. நட்ட மூன்றாம் நாள் களைக்கொல்லி போடுபவர் அன்றும் அடுத்த இரண்டு நாளும் தண்ணீரை வடிக்கக் கூடாது. மருந்து மேல்மண்ணில் படலமாகப் படிவதற்கு அந்தத் தண்ணீர் வேண்டும். காய்ந்தால் மருந்தும் வீண்.

மூன்றாவது வேலையைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள்: மானம். வரப்பில் போகிறவர் "என்ன, வயல் வெடிச்சுக் கெடக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அன்று மாலையே மோட்டார் ஓடும். குத்தகை நிலமாக இருந்தால் இன்னும் மோசம். விளைச்சல் ஒரு மூட்டை குறைந்தாலும் "தண்ணி கட்டாம விட்டான்" என்ற பேச்சு வரும், அதற்குக் காரணம் பூச்சியாகவே இருந்தாலும். புதுப் பழக்கத்தின் நஷ்டம் செய்தவர் தலையில் விழுகிறது. மீத்தேன் குறைவதன் பலனோ ஊருலகத்துக்கெல்லாம் போகிறது. இந்தக் கணக்கு நேராகாமல் விழிப்புணர்வு மட்டும் பேசினால், கேட்டவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

அந்த மீத்தேன் விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தண்ணீர் தேங்கிய சேற்றில் சில நாளில் காற்று தீர்ந்துவிடும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோல், தாள், வேர்க்கசிவு இவற்றைத் தின்று மீத்தேனை விடுகின்றன. அதில் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை, நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழல் வழியாகவே வெளியேறுகிறது. மண்ணுக்குள் அவ்வப்போது காற்றுப் புகுந்தால் அந்த உயிர்களின் வேலை தடைபடும். பலமுறை காயவிட்ட வயலில் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும். தண்ணீர் 30 சதவீதம்வரை மிச்சமாகும்.

ஆனால் பக்கத்து வயல்காரரிடம் இதைச் சொல்லாதீர்கள். புகையானைச் சொல்லுங்கள். பயிரின் அடித்தூரில், ஈரமும் நிழலும் கூடிய இடத்தில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி அது. தாக்குதல் கண்டால் தண்ணீரை வடிப்பதுதான் முதல் சிகிச்சை. விட்டுவிட்டுக் காயும் வயலில் அது பெருக வசதி குறைவு. எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விட்டு நட்டிருந்தால் இன்னும் நல்லது. வேர் ஆழமாக இறங்குவதால் காற்றுக்குப் பயிர் சாய்வதும் குறையும். இவை அவரவர் பைக்குள் விழும் லாபம். பழக்கம் இதில்தான் ஒட்டிக்கொள்ளும்.

இனி குழாய். 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய் நல்லது, 10 செ.மீ.க்குக் குறைந்தால் உள்ளே கைவிட்டுச் சேறு அள்ள முடியாது. கீழ்ப்பாதியில் 2 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகளைச் சுற்றிலும் போடுங்கள். வெளியே கொசுவலைத் துணியை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினால் களிமண் துளையை அடைக்காது. போன ஆண்டுக் குழாய்கள் செத்ததற்கு இந்த அடைப்பே பாதிக் காரணமாக இருக்கலாம். பாதியை மண்ணுக்குள் இறக்கி, பாதி வெளியே தெரியும்படி பதியுங்கள். சேற்றுக்குக் கீழே இறுகிக் கிடக்கும் தரையைக் குத்தித் துளைத்துவிடாதீர்கள், துளைத்தால் குழாய் காட்டும் மட்டம் பொய்யாகும். உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை அள்ளிவிடுங்கள். பிறகு தண்ணீர் கட்டிச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்ளும் வெளியும் ஒரே மட்டமாக இல்லாவிட்டால் துளை அடைத்திருக்கிறது, பிடுங்கிக் கழுவி மறுபடி பதியுங்கள்.

குழாய் பதிக்கும் இடம் மேடாகவும் இருக்கக் கூடாது, பள்ளமாகவும் இருக்கக் கூடாது. வரப்பிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி, ஆனால் தினமும் நடக்கும் வழியில் இருக்கட்டும். வயல் நடுவில் பதித்த குழாயை யாரும் சேற்றில் இறங்கிப் போய்ப் பார்ப்பதில்லை.

அதன்பின் விதி எளிது. 5 செ.மீ. தண்ணீர் கட்டுங்கள். மேலே வற்றி, குழாய்க்குள்ளும் வற்றி, அடியில் மண் தெரிகிறதா? தண்ணீர் 15 செ.மீ. கீழே போய்விட்டது என்று பொருள், மறுபடி கட்டுங்கள். அதுவரை வேருக்குத் தண்ணீர் எட்டும், பயிர் வாடாது. களிமண்ணில் ஐந்தாறு நாள் ஆகலாம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து இளமண்ணில் மூன்று நாளிலேயே வற்றிவிடும். நாளை எண்ணாதீர்கள், குழாயைப் பாருங்கள். களிமண்ணில் ஒரு எச்சரிக்கை உண்டு. மயிரிழை வெடிப்புவரை பரவாயில்லை. விரல் நுழையும் வெடிப்பாகிவிட்டால் அடுத்து விடும் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகவே கீழே ஓடும், தேக்கி வைத்ததைவிட அதிகம் செலவாகும். "காய்ச்சல்" என்ற சொல்லைக் கேட்டு வயலைக் கருவாடாக்கியவர்கள் உண்டு.

ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகத்தை 22 நாள் நாற்றாக நட்டால் கணக்கு இப்படி வரும். நட்ட பத்தாம் நாள்வரை தண்ணீர். பதினொன்றிலிருந்து ஐம்பதாம் நாள்வரை காய்ச்சலும் பாய்ச்சலும். ஐம்பதிலிருந்து அறுபத்தாறுவரை, பொதி முற்றிக் கதிர் வெளிவந்து பூக்கும் காலத்தில், 5 செ.மீ. தண்ணீர் குறையவே கூடாது. இங்கே ஒரு பாய்ச்சல் தவறினால் பதர் அதிகமாகும், அந்தப் பழி முழுக்கக் குழாய் மேல் விழும். பால் பிடித்தபின் மறுபடி விட்டுவிட்டு, எழுபத்தைந்தாம் நாள் வாக்கில் நிறுத்திவிடலாம். யூரியாவைக் குழாய் வற்றிய அன்று தூவி, அன்றே தண்ணீர் கட்டுங்கள். சத்து மண்ணுக்குள் இறங்கும். ஈரம் காயும் வயலில் தூவிவிட்டுப் பல நாள் கழித்துத் தண்ணீர் கட்டினால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

இதையெல்லாம் விட முக்கியமானது வயல் மட்டம். ஒரு மூலை இரண்டு அங்குலம் மேடாக இருந்தால் அங்கே களை மண்டும், பள்ளத்தில் தண்ணீர் வற்றாது. மேட்டுக்காக வயல் முழுக்க மூழ்கடிப்பதுதான் நடக்கும். வசதியிருந்தால் சித்திரையில், நிலம் காய்ந்திருக்கும்போது லேசர் கருவியால் சமப்படுத்துங்கள். இல்லாவிட்டால் கடைசிச் சேற்றுழவில் பரம்புப் பலகையை இரண்டு தரம் அடியுங்கள். வரப்பை அண்டை வெட்டி, நண்டு வளையெல்லாம் அடைத்துச் சேறு பூசுங்கள். காய்ந்த வரப்பில் எலி வளை தோண்டும். எலி பிடிக்கும் தஞ்சாவூர் கிட்டிகளை வழக்கத்தைவிட ஒரு வாரம் முன்னதாகவே வையுங்கள்.

"குழாய் வற்றவே இல்லை" என்றும் சிலர் சொல்வார்கள். பக்கத்து வயலில் முழங்கால் தண்ணீர் நின்றால் வரப்பு வழியாக உங்கள் வயலுக்குக் கசியும். அந்தப் பக்கத்து வரப்பை ஒட்டி உள்ளே ஓரடி அகலத்தில் சிறு வாய்க்கால் வெட்டி வடிகாலில் சேர்த்துவிடுங்கள். வயல் விட்டு வயல் பாயும் இடமாக இருந்தால் இதுவும் உதவாது. மேல்வயல்காரர் தண்ணீர் உங்கள் வயல் வழியாகத்தான் கீழ்வயலுக்குப் போக வேண்டும், நீங்கள் காயவிட முடியாது. அங்கே முதலில் தனி வாய்க்கால் வேண்டும். பதித்த ஐந்து பேரும் ஊரின் ஐந்து மூலையில் இருந்தால் ஐந்தும் தோற்கும். ஒரே போரில், ஒரே கால்வாயில் அடுத்தடுத்துப் பாயும் இரண்டு மூன்று வயல் சேர்ந்தால் நிலைக்கும்.

ஆகவே இந்தக் குறுவையில் ஒரு மாவை மட்டும் எடுங்கள். போருக்குப் பக்கத்தில், தெரு ஓரத்தில், மட்டமான வயலாக இருக்கட்டும். மற்ற ஐந்து மாவில் வழக்கம்போல் செய்யுங்கள். மோட்டார் ஓடிய மணி நேரத்தைக் கொட்டகைச் சுவரில் இரண்டு வரிசையாகக் கரிக்கோடு போட்டு வையுங்கள். அறுத்தபின் ஒரு மாவின் மூட்டையைத் தனியாக எண்ணுங்கள். அந்த இரண்டு கணக்கும் ஊருக்குப் போதும். விளைச்சல் குறைந்தாலும் நஷ்டம் ஒரு மாவோடு நிற்கும்.

வேதாரண்யம், தரங்கம்பாடிப் பக்கம் உறவினர் இருந்தால் இதை அப்படியே செய்யச் சொல்லாதீர்கள். உப்பேறிய மண் காயும்போது உப்பு மேலே ஏறிவரும். அங்கே நின்ற தண்ணீர்தான் பயிரைக் காக்கிறது. சம்பா, தாளடியிலும் ஐப்பசி அடைமழை பிடித்தபின் பேச்சு தண்ணீரை வடிப்பதைப் பற்றித்தான் இருக்கும். அப்போது குழாயைப் பிடுங்கிக் கழுவி, பரணில் போட்டு வையுங்கள். அடுத்த குறுவைக்கு வேண்டும்.